மரம் வளர்ந்தது, மண் நிறையவில்லை: டியூக் காட்டின் 14 ஆண்டுகள்

காற்றில் கரியமில வாயு கூடினால் மரங்கள் செழிக்கும். செழித்த மரம் அதிகமாக உதிர்க்கும். உதிர்ந்த இலையும் செத்த வேரும் மண்ணில் மட்கிக் கரிமமாக (கார்பனாக) தங்கும். ஆக, நாம் வெளியிடும் புகையில் ஒரு பங்கை மண் தானாகவே ஏற்றுக்கொள்ளும். கேட்பதற்கு ஆறுதலான இந்தக் கணக்கு, பல ஆண்டுகள் பாடநூல்களிலும் கொள்கை அறிக்கைகளிலும் உலவிவந்தது. இதை வளர்ந்து நிற்கும் ஒரு காட்டிலேயே சோதித்துப் பார்த்த நிகழ்வைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். நடந்த இடம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடு. காலம் 1996 முதல் 2010 வரை. ஆய்வில் ஈடுபட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எந்தச் சமயத்தில் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், மண் அதற்கு என்ன பதில் சொன்னது என்பதே இங்கு முக்கியம்.

பின்னணி

மண்ணின் மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும், உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். காற்றில் இருப்பதையும் செடிகொடிகளில் இருப்பதையும் கூட்டினாலும் இந்த அளவுக்கு வராது. இவ்வளவு பெரிய கையிருப்பில் சிறு ஏற்றமோ இறக்கமோ நேர்ந்தாலும் காற்றின் நிலை மாறிவிடும். மண்ணைப் பற்றிய கவலை தட்பவெப்பத்தைப் பற்றிய கவலையாகவும் ஆகிவிடுவது இதனால்தான்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளவீடு தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 1990-களின் நடுவில் அது 360-ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் தாவரங்களை என்ன செய்யும் என்று அறிய, அதுவரை பெரும்பாலும் தொட்டிச் செடிகளையும் கண்ணாடிக் கூடங்களையும் நம்பியிருந்தார்கள். தொட்டியில் செய்யும் சோதனையில் ஒரு குறை உண்டு. வேர் சில மாதங்களிலேயே சுவரை முட்டி வட்டமிடத் தொடங்கிவிடும். சலித்து, கலந்து, உரமிட்டு நிரப்பிய தொட்டி மண்ணுக்கும், நூற்றாண்டுகளாக ஓரிடத்தில் கிடந்து படிந்த மண்ணுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. தொட்டியில் செடி செழித்தது என்பதை வைத்துக்கொண்டு காட்டு மண்ணைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எனவே சுவரும் கூரையும் இல்லாமல், நிற்கும் காட்டுக்குள்ளேயே காற்றை மாற்றுவது என்று முடிவானது. இந்தத் திறந்தவெளி முறையை உருவாக்கியது புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். நிதி தந்தது அமெரிக்க எரிசக்தித் துறை.

இடமும் ஏற்பாடும்

தேர்ந்தெடுத்த காட்டில் இருந்தவை லாப்லாலி பைன் மரங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கில் மரத் தொழிலுக்கு முதுகெலும்பான மரம் இது. 1983-இல் கன்றுகளை 2 மீட்டருக்கு 2.4 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தார்கள். எல்லா மரங்களும் ஒரே வயது. எனவே ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் வளர்ச்சியில் வேறுபாடு தெரிந்தால், அதற்கு வயதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மண் களிப்பாங்கானது, அமிலத்தன்மை கொண்டது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைந்தது. வளமான நிலத்தைத் தேடிப் போகாமல் இத்தகைய மண்ணைத் தேர்ந்ததை இந்த ஆய்வின் முதல் நல்ல முடிவாகக் கருதுகிறேன். உலகின் பெரும்பாலான காடுகள் இப்படிப்பட்ட மண்ணில்தான் நிற்கின்றன. நல்ல மண்ணை மனிதர்கள் எப்போதோ உழவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

1994-இல் முன்னோட்டமாக, குழாய்கள் சூழ்ந்த ஒரே ஒரு வளையம் அமைத்துப் பார்த்தார்கள். அது சரிவர இயங்கியதும், 1996 ஆகஸ்டில் முழு ஆய்வு தொடங்கியது. 30 மீட்டர் விட்டமுள்ள ஆறு வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் மரங்களின் உச்சிவரை உயரும் 32 குழாய்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் குழாய்கள் மட்டும் திறந்து வாயுவை விடும். காற்றே அதை வளையத்துக்குள் கொண்டுசெல்லும். மூன்று வளையங்களில், வெளியே இருப்பதைவிடப் பத்து லட்சத்துக்கு 200 பங்கு கூடுதலாகக் கரியமில வாயு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மற்ற மூன்றில் அதே குழாய்கள், அதே ஊதுவிசை, ஆனால் சாதாரணக் காற்று. குழாயும் காற்றோட்டமும் மரத்தை ஏதாவது செய்கின்றனவா என்ற ஐயத்துக்கு அங்கேயே பதில் வைத்துவிட்டார்கள்.

செலுத்திய வாயு இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்பட்டது. அதில் கனமான கரிம அணுக்கள், அதாவது கார்பன் 13, சாதாரணக் காற்றில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் ஆய்வு தொடங்கிய பிறகு அந்த வளையங்களில் உருவான ஒவ்வொரு ஊசியிலையிலும் வேரிலும் ஓர் அடையாள முத்திரை விழுந்துவிட்டது. மண்ணை எடுத்து அளந்தால், அதிலுள்ள கரிமத்தில் எவ்வளவு பழையது, எவ்வளவு 1996-க்குப் பிறகு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

முதல் ஆண்டுகள்: மேலே தெரிந்த செழிப்பு

இரண்டே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. கூடுதல் வாயு பெற்ற வளையங்களில் காட்டின் மொத்த உற்பத்தி, அதாவது ஓர் ஆண்டில் புதிதாக உருவாகும் மரமும் இலையும் வேரும் சேர்ந்த அளவு, 25 விழுக்காடு உயர்ந்தது. 1999-இல் இது வெளியானபோது, காடுகள் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப விரும்பியவர்களுக்குப் பெரிய தெம்பு கிடைத்தது.

செழித்தது பைன் மட்டும் இல்லை. மரங்களைப் பற்றி ஏறும் நச்சுப் படர்கொடி ஒன்று அங்கே உண்டு. தொட்டால் தோல் கொப்பளிக்கும். கூடுதல் வாயுவில் அது பைனைவிட வேகமாகக் கொழுத்தது, அதன் நச்சுப் பிசினும் முன்னைவிடக் கடுமையானது. எது செழிக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது என்பதற்கு அந்தக் கொடி ஓர் உதாரணம்.

மண்ணுக்குள்ளும் மாற்றம் தொடங்கியிருந்தது. வேர்களும் நுண்ணுயிர்களும் அதிகமாக மூச்சுவிட்டதால், மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றில் கரியமில வாயு கூடியது. அது மண் நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் மண்ணிலுள்ள கனிமங்களை மெல்ல அரித்து, கால்சியம், மக்னீசியம் போன்றவற்றை நீரில் விடுவிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆழத்து மண் நீரை எடுத்து அளந்தபோது, கரைந்திருந்த உப்புகளின் அளவு ஏறியிருந்தது. மேலே காற்றில் செய்த மாற்றம், ஆளுயரத்துக்குக் கீழே இருக்கும் களிமண்ணின் வேதியியலை அதற்குள்ளாகவே தொட்டுவிட்டது. காற்று வேறு, மண் வேறு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒரு திடுக்கிடல்.

தோண்டிப் பார்த்தபோது

எதிர்பார்ப்பு முழுவதும் ஒரு கேள்வியில் நின்றது. கூடுதலாக உதிர்ந்தவை எங்கே போகின்றன?

பைன் காட்டுத் தரையில் துளைக்குழாயை இறக்கி ஒரு மண் மாதிரியை எடுத்தால், அதன் கதையை மேலிருந்து கீழாகப் படிக்கலாம். உச்சியில் இந்த ஆண்டு உதிர்ந்த ஊசியிலைகள், துருப்பிடித்த கம்பிபோல் செம்பழுப்பாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதன் கீழே சென்ற ஆண்டுகளின் இலைகள், துண்டுதுண்டாக உடைந்து, வெள்ளைப் பூஞ்சை இழைகளால் தைக்கப்பட்டு, கையில் எடுத்தால் ஈரக் கம்பளித் துண்டுபோல் மொத்தமாக வரும். இன்னும் கீழே வடிவம் இழந்த கரும்பழுப்பு மட்கு, விரல் தடிமன்கூட இருக்காது. அதற்குக் கீழே சட்டென்று களி. நிறமும் மாறும், வாசனையும் மாறும். மேலே உள்ள மூன்றும் சருகுப் படலம். களிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கரிமம் பத்து, நூறு ஆண்டுகள் தங்கும்.

மூன்று ஆண்டுகள் கழிந்து செய்த கணக்கில், சருகுப் படலம் உண்மையிலேயே தடித்திருந்தது. ஆனால் அந்தப் படலத்தில் இருக்கும் கரிமம் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குள் மட்கிக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது என்று முத்திரை காட்டிக்கொடுத்தது. அதன் கீழே களிமண்ணில் கரிமம் கூடியதற்கான தடயம் தென்படவில்லை. இடப்பக்கம் வரவு வைத்ததை வலப்பக்கம் செலவு எழுதிவிடும் கணக்குப் பேரேடு அது. வரவு கூடினால் சில ஆண்டுகளில் செலவும் அதே அளவுக்குக் கூடும், இருப்பு அதற்குமேல் ஏறாது.

2001-இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டில் முன்னோட்ட வளையத்திலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. அங்கே மரங்களின் கூடுதல் வளர்ச்சி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெகுவாகச் சரிந்திருந்தது. அந்த வளையத்தில் ஒரு பாதிக்கு உரம் போட்டிருந்தார்கள்; அந்தப் பாதியில் மட்டும் செழிப்பு நீடித்தது. மண்ணில் சத்து இல்லாமல் காற்றில் மட்டும் கூட்டிப் பயன் இல்லை என்ற பாடம் அதில் தெளிவாக இருந்தது.

இங்கே குழுவுக்கு ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கருதுகோள் தோற்றது என்று எழுதி முடித்துக்கொள்ளலாம். அல்லது மூன்று ஆண்டு என்பது மண்ணுக்குக் கண்ணிமைப்பு நேரம் என்று கருதித் தொடரலாம். தொடர்ந்தார்கள். அதற்குச் சொன்ன காரணமும் நேர்மையானது. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் கரிமம் மிகப் பெரியது, வளையத்துக்கு வளையம் வேறுபடுவது. அதில் சிறு கூடுதல் ஒளிந்திருந்தால் மூன்று வளையங்களை மட்டும் வைத்து, மூன்றே ஆண்டுகளில் கண்டுபிடிப்பது கடினம். தடயம் இல்லை என்பதும் மாற்றம் இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. அவசரப்படாத அந்த முடிவு இல்லையென்றால், பின்னால் வந்த மிக முக்கியமான கண்டுபிடிப்பு நமக்குக் கிடைத்திருக்காது.

2002: வறட்சியும் பனிச்சுமையும்

2002-இல் கடும் வறட்சி. அதே ஆண்டு டிசம்பரில் பனிக்கட்டிப் புயல் ஒன்று, கிளைகளின்மேல் கட்டியாய் உறைந்து, பல மரங்களின் உச்சியை முறித்தது. ஆய்வைக் கைவிடவில்லை. முறிந்து விழுந்தவற்றையும் கணக்கில் சேர்த்துத் தொடர்ந்தார்கள். காட்டில் செய்யும் ஆய்வென்றால் இப்படிப்பட்ட ஆண்டுகளும் முடிவின் பகுதிதான்.

ஒரு புதிர், ஓர் உர மூட்டை

இதற்கிடையே ஒரு புதிர் முளைத்தது. தழைச்சத்து படிப்படியாகப் பூட்டிக்கொள்ளும் என்பதே அப்போது பலரும் ஏற்ற கருத்து. வேகமாக வளரும் மரம், மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தைத் தண்டிலும் சருகிலும் அடைத்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் எஞ்சுவது குறையும். கடைசியில் மரம் தன் வேகத்துக்குத் தானே தடை போட்டுக்கொள்ளும். முன்னோட்ட வளையத்தில் நடந்தது அதுதான்.

ஆனால் பெரிய வளையங்களில் அது நடக்கவில்லை. ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு, பத்து ஆண்டு கடந்தும் கால் பங்கு அளவிலான கூடுதல் வளர்ச்சி நீடித்தது. இயல்பாகவே தழைச்சத்து சற்று அதிகம் இருந்த வளையங்களில் கூடுதலும் அதிகமாக இருந்தது. மரங்களைச் சோதித்தால், அவை முன்னைவிட அதிகமான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. யாரும் உரம் போடவில்லை. மழையில் வந்து சேர்வதும் சொற்பம். எங்கிருந்து எடுக்கின்றன?

2005-இல் ஒரு துணிச்சலான முடிவு. ஒவ்வொரு வளையத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 11.2 கிராம் தழைச்சத்து கிடைக்கும்படி அமோனியம் நைட்ரேட் உரம் இட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் தொடாமல் காத்த மண்ணில் பாதியை மாற்றிவிடுவது சின்ன விஷயம் இல்லை. மாற்றிய பாதி பழைய நிலைக்குத் திரும்பாது. ஆயினும், தழைச்சத்துப் பற்றாக்குறைதான் மரத்தை ஏதோ செய்யவைக்கிறது என்றால், பற்றாக்குறையை நீக்கிய பாதியில் அந்த ஏதோ ஒன்று நின்றுவிட வேண்டும். அதைச் சோதிக்க வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வேரின் கசிவு

அடுத்து நடந்த வேலை இந்த நிகழ்விலேயே என்னை மிகவும் கவர்ந்தது. வேர், தான் தேடும் சத்துக்கு விலையாகச் சர்க்கரையும் அமிலங்களும் மண்ணில் கசியவிடும் என்பது பழைய செய்தி. உயிருள்ள பெரிய மரத்தில், நிற்கும் இடத்திலேயே, அது எவ்வளவு என்று அளப்பதுதான் கடினம். ஆய்வாளர்கள் தரையில் மண்டியிட்டு, சருகை விலக்கி, மரத்தோடு இணைந்திருக்கும் ஒரு சல்லி வேர்க் கொத்தை அறுபடாமல் களியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒட்டிய மண்ணை மெல்லக் கழுவினார்கள். பிறகு அந்த வேரை, சிறு கண்ணாடி மணிகள் நிரப்பிய ஊசிக்குழல் ஒன்றுக்குள் நுழைத்து, கரிமம் இல்லாத சத்துக் கரைசலை ஊற்றி மூடி, மறுபடி தரைக்குள் பதித்தார்கள். மண்ணுக்குள் இருப்பதாகவே வேர் எண்ணிக்கொள்ள அந்த மணிகள். ஒரு நாள் கழித்துக் கரைசலை உறிஞ்சி எடுத்தால், அதில் இருக்கும் கரிமம் முழுவதும் வேர் கசியவிட்டது.

கூடுதல் வாயு பெற்ற வளையங்களில், உரம் இடாத பாதியில், மரம் வளரும் பருவத்தில் வேர்க்கசிவு 55 விழுக்காடு கூடியிருந்தது. உரமிட்ட பாதியில் அந்தக் கூடுதல் இல்லை.

புதிர் அவிழ்ந்தது. மிஞ்சிய சர்க்கரையை மரம் வேர்வழியாகவும், வேரோடு கூட்டாக வாழும் வேர்ப்பூஞ்சைகள் வழியாகவும் மண்ணுக்குள் செலுத்துகிறது. சர்க்கரை கிடைத்த நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பெருகியவை, அதுவரை யாரும் தொடாமல் கிடந்த பழைய மட்கைச் சிதைக்கத் தொடங்குகின்றன. மட்குக்குள் பூட்டியிருந்த தழைச்சத்து விடுபடுகிறது. மரம் அதை எடுத்து வளர்கிறது. சல்லி வேர்களின் அளவும் 24 விழுக்காடு உயர்ந்திருந்ததால், தேடும் கைகளும் அதிகம்.

ஆக, மேலே கண்ட செழிப்புக்கு மண்ணின் பழைய சேமிப்பு செலவாகியிருக்கிறது. கீழே புதிய கரிமம் நிறையவே இறங்கியது உண்மை. பழைய கரிமம் அதற்கு ஈடாக மூச்சாக வெளியேறியதும் உண்மை. களிமண்ணில் இருப்பு ஏன் ஏறவில்லை என்பதும், மரம் ஏன் சோர்ந்துபோகவில்லை என்பதும் தனித்தனிக் கேள்விகளாக இருந்தன. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருந்தது.

முடிவுக்கு வந்தது

காட்டில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளை நிறைவு செய்துகொண்டு, மரங்களை வெட்டி, வேரோடும் மண்ணோடும் அளந்துவிடலாம் என்று நிதி தந்த துறை 2008 வாக்கில் தீர்மானித்தது. வெட்டிப் பார்க்காமல் சில அளவுகள் கிடைக்காது என்பது அதன் வாதம். இன்னும் சில ஆண்டுகள் விட்டால் நீண்டகால மாற்றம் தெரியும் என்பது ஆய்வாளர்களில் பலரின் வாதம். இரு பக்கமும் நியாயம் உண்டு. மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவது வாதத்துக்கே என் மனம் சாய்கிறது. 2010 அக்டோபர் இறுதியில் வாயுவை நிறுத்தினார்கள். பிறகு மாதிரிக்காகச் சில மரங்களை வெட்டி அளந்தார்கள்.

மற்ற மண்கள் என்ன சொல்லின

டியூக் காட்டை மட்டும் வைத்து முடிவு சொல்வது தவறு. நல்லவேளையாக, அதே காலத்தில் வேறு மண்களிலும் இத்தகைய வளையங்கள் நின்றன.

மிக நெருங்கிய ஒப்பீடு டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ். 1988-இல் நட்ட ஸ்வீட்கம் மரங்கள், 1998 முதல் 2009 வரை கூடுதல் வாயு. இங்கே கதை தலைகீழ். தொடக்கத்தில் 24 விழுக்காடாக இருந்த கூடுதல் வளர்ச்சி 2008-இல் 9 விழுக்காடாகச் சுருங்கியது. தழைச்சத்துப் பற்றாக்குறைதான் காரணம். ஆனால் மரம் வேரை ஆழத்தில் பெருக்கியது, மேல் மண்ணில் கரிமம் கூடியது. டியூக்கில் மரம் வளர்ந்தது, மண் நிறையவில்லை. ஓக் ரிட்ஜில் மண் சற்று நிறைந்தது, மரம் தளர்ந்தது. இந்த வேறுபாட்டுக்குப் பலரும் சுட்டும் காரணம் பூஞ்சை. பைனோடு கூட்டுச் சேரும் வேர்ப்பூஞ்சை மட்கைக் கிளறித் தழைச்சத்தை எடுக்கும் திறன் உள்ளது. ஸ்வீட்கம்மோடு வாழும் வகைக்கு அந்தத் திறன் பெரிதாக இல்லை.

நெவாடாவின் மொஹாவி பாலைவனத்தில் 1997 முதல் 2007 வரை நடந்த ஆய்வு, பார்க்கப் போனால் ஏமாற்றம். பத்து ஆண்டு முடிவில் புதர்களின் எடையில் வேறுபாடு தெரியவில்லை. அங்கே தரையின்மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டிய மெல்லிய பொருக்கு ஒன்று உண்டு. ஒரு காலடி பட்டாலே நொறுங்கும். அதை மிதிக்காமலிருக்க உயரே அமைத்த மேடைகளில் நின்றே அளவெடுத்தார்கள். கடைசியில் ஒரு மீட்டர் ஆழம்வரை மண்ணைத் தோண்டியபோதுதான், கூடுதல் வாயு பெற்ற நிலத்தில் மண்ணின் கரிமம் ஏறியிருப்பது தெரிந்தது. வெளியே எதையும் காட்டாத நிலம், உள்ளே வேர்க்கசிவாகச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

செசபீக் விரிகுடாவின் உப்புச் சதுப்பில் வேறு விதமான நன்மை. கூடுதல் வாயுவில் வேர்கள் பெருகிச் சதுப்பு மண்ணையே தூக்கிவிட்டன. ஆண்டுக்கு 3.9 மில்லிமீட்டர் கூடுதல் உயர்வு. கடல்மட்டம் ஏறும் காலத்தில் சதுப்புக்கு அது உயிர்ப் பிரச்சினை. கூடவே தழைச்சத்தும் கலந்தால் இந்தப் பலன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே, மணிச்சத்து மிகக் குறைந்த பழம்பெரும் மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ் காட்டில் 2012-இல் ஆய்வு தொடங்கியது. மரங்கள் 12 விழுக்காடு கூடுதலாகக் கரிமத்தை உள்ளிழுத்தன. அதில் ஏறத்தாழப் பாதி மண்ணின் மூச்சாக வெளியேறியது. காட்டில் கூடுதலாகத் தங்கியது ஒன்றும் இல்லை.

நெல்வயல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் வயல்களுக்கும் உரியது. நீர் தேங்கிய மண்ணில் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. அங்கே வேர் அதிகமாகக் கசியவிட்டால் அது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கு, கூடுதல் கரியமில வாயுவில் நெல்வயலின் மீத்தேன் சராசரியாக 43 விழுக்காடு உயர்வதாகக் காட்டியது.

2021-இல் 108 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சிதறிக் கிடந்த இந்தக் கதைகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. புல்வெளி மண்ணில் கரிமம் சராசரியாக 8 விழுக்காடு ஏறியிருந்தது. காட்டு மண்ணில் ஏற்றம் சுழியம். செடியின் வளர்ச்சி எங்கே மிக அதிகமோ அங்கே மண் இழந்தது, வளர்ச்சி எங்கே குறைவோ அங்கே மண் சேர்த்தது. டியூக் காட்டில் ஊசிக்குழலில் பிடித்த கசிவு, இந்தப் பெரிய ஒழுங்கின் ஒரு துளி.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

முதலாவதாக, வளையங்கள் போதாது. மரத்தின் வளர்ச்சியை அளக்க மூன்றுக்கு மூன்று போதுமாக இருக்கலாம். ஓர் அடிக்கு ஓரடி மாறும் மண்ணின் கரிமத்தை அளக்க அது போதாது. வாயுவைத் திறப்பதற்கு முன்பே, பல ஆண்டுகள், ஆழம்வரை மண்ணை அளந்து வைத்திருந்தால் பின்னால் வந்த பல சந்தேகங்கள் எழுந்திருக்காது.

அடுத்தது முத்திரை. கூடுதல் வாயு பெற்ற வளையங்களில் மட்டும்தான் அது இருந்தது. அங்கே எவ்வளவு புதிய கரிமம் மண்ணுக்குள் போனது என்று தெரியும். சாதாரண வளையங்களில் எவ்வளவு போனது என்று அதே முறையில் தெரியாது. ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்துத் தராசைப் பார்ப்பது போன்ற நிலை. சாதாரண வளையங்களிலும் வேறொரு வழியில், உதாரணமாக முத்திரையுள்ள சருகை இட்டு, இணையான அளவை எடுத்திருக்க வேண்டும்.

மிகக் கடினமானது மூன்றாவது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை கரியமில வாயுவைத் திடீரென்று வெகுவாகத் தூக்கிவிடுகின்றன. உண்மையில் காற்று ஆண்டுக்கு இரண்டு, மூன்று பங்காகத்தான் ஏறுகிறது. திடீரென்று சர்க்கரை வெள்ளம் வந்தால் மண்ணின் பூஞ்சைகள் நடந்துகொள்ளும் விதமும், சிறுகச் சிறுக வந்தால் நடந்துகொள்ளும் விதமும் ஒன்றாக இருக்காது. மெல்ல ஏற்றிச் செய்த ஒரு சோதனையில் வேர்ப்பூஞ்சைகளின் மாற்றம் மிகக் குறைவாகவே இருந்தது என்ற முடிவு 2005-இல் வெளியானது. காட்டில் இருபது ஆண்டுகளுக்குப் படிப்படியாக ஏற்றும் ஆய்வுக்கு எவரும் இதுவரை நிதி தந்ததாகத் தெரியவில்லை.

பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே, அமேசான் காட்டுக்குள் இப்போது இதே வகை வளையங்கள் எழுந்திருக்கின்றன. அங்கேயும் மணிச்சத்து மிகக் குறைந்த மண். அங்கே வாயுக் குழாய்களைத் திறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேரையும் சருகையும் மண்ணையும் அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.